வாயேஜர்-1 என்ஜின் இல்லாமல் ஓடுவதை நாசாவின் தரவை வைத்து நீங்களே சரிபார்ப்பது எப்படி?

அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகும் பள்ளி மாணவர்கள், கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் படிப்பவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நிலைமம் பற்றிப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது: வெளியிலிருந்து விசை எதுவும் செயல்படாதவரை, நகரும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த வரியை மனப்பாடம் செய்தவர்களிடம்கூட, "அப்படியானால் வாயேஜர் விண்கலம் எதை எரித்துக்கொண்டு போகிறது?" என்று கேட்டால் தயங்குகிறார்கள். சொன்னால் நம்புவதற்குக் கடினமான விஷயம் இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது.

அதற்கான தரவை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், அதாவது ஜேபிஎல், ஹொரைசன்ஸ் என்ற இணையப் பக்கத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் வானியலாளர்களுக்காக அமைக்கப்பட்டது. முதன்முறை உள்ளே போகிறவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, எதை விடுவது என்று புரியாது. ஒரு பெட்டியில் தவறான தேர்வைச் செய்தால், என்ஜின் இல்லாத விண்கலம் பின்னோக்கி வருவதுபோலக்கூடத் தெரியும். நான் திணறித் திணறிக் கற்றுக்கொண்ட வழியை வரிசையாகத் தருகிறேன். இதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன்: செலவு, நேரம், தேவையானவை

செலவு கிட்டத்தட்ட இல்லை. தரவுக்குக் கட்டணம் கிடையாது, பதிவு செய்ய வேண்டாம், மின்னஞ்சல் முகவரியும் கேட்க மாட்டார்கள். இந்தத் தரவை "புராஜெக்ட் கிட்" என்ற பெயரில் யாராவது விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். கணினி இல்லாதவர்களுக்கு பிரவுசிங் சென்டர் வாடகையும், கடைசியில் அச்செடுக்கும் செலவும் மட்டும் ஆகும். கைப்பேசியிலும் பக்கம் திறக்கும். ஆனால் சிறிய திரையில் பெட்டிகளை நிரப்புவது பெரும் தொல்லை. கணினியிலேயே செய்யுங்கள்.

விரிதாள் மென்பொருள் ஒன்று வேண்டும். எக்செல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் இலவசம், இந்த வேலைக்குப் போதுமானவை. இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் அவசியம். எந்தத் தேதியில் எந்தத் தேர்வுகளோடு தரவை எடுத்தீர்கள் என்பதைக் கையால் எழுதி வையுங்கள். ஒரே மாதிரி இருக்கும் நான்கு கோப்புகள் சேர்ந்த பிறகு எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது.

நேரத்தைப் பொறுத்தவரை, தரவை இறக்குவது சில நிமிட வேலை. புரிந்துகொண்டு கணக்குப் போட ஒரு விடுமுறை நாளின் பாதியை ஒதுக்குங்கள். கண்காட்சிக்கு முந்தைய இரவில் தொடங்க வேண்டாம்.

2. விண்கலத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்கு வாயேஜர்-1 தான் சிறந்தது. காரணம், அதன்மேல் செயல்படும் விசைகள் மிகக் குறைவு. 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட இந்த விண்கலம் 1979இல் வியாழனையும் 1980 நவம்பர் 12 அன்று சனியையும் நெருங்கிக் கடந்தது. அதன் பயணப் பாதையைத் திருத்துவதற்காக உந்துபொறிகள் கடைசியாக இயக்கப்பட்டது 1980 நவம்பர் 8 அன்று. அதன் பிறகு அதைத் தள்ளிக்கொண்டு போக எதுவும் இயங்கவில்லை. பக்கத்தில் கோள்களும் கிடையாது. உராய்வு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

முதல் முயற்சிக்குத் தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சர்வதேச விண்வெளி நிலையத்தை எடுக்காதீர்கள். சுமார் 400 கி.மீ. உயரத்தில்கூட மெல்லிய காற்று இருக்கிறது. அது நிலையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவதால், அவ்வப்போது என்ஜினை இயக்கி மேலே உயர்த்துகிறார்கள். நிலைமத்தைக் காட்ட நினைத்தால் காற்றின் இழுவைதான் கண்ணில் படும். பார்க்கர் சூரிய ஆய்வுக்கலமும் வேண்டாம். சூரியனுக்கு மிக அருகில் சென்று திரும்புவதால் அதன் வேகம் ஓயாமல் ஏறி இறங்கும், தொடக்கநிலையில் குழப்பம்தான் மிஞ்சும்.

3. ஹொரைசன்ஸ் பக்கத்தில் ஐந்து பெட்டிகள்

தேடுபொறியில் "ஜேபிஎல் ஹொரைசன்ஸ்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் முதலிலேயே வந்துவிடும். நாசாவின் அதிகாரபூர்வத் தளம்தானா என்பதை முகவரியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். உள்ளே ஐந்து பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எடிட் பொத்தான் இருக்கும். ஏற்கெனவே நிரப்பப்பட்டிருப்பவை உங்களுக்கு உதவாது. ஐந்தையும் மாற்ற வேண்டும்.

முதல் பெட்டி, எஃபெமெரிஸ் டைப். எஃபெமெரிஸ் என்பது ஒரு வான்பொருள் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று காட்டும் அட்டவணை. இதில் வெக்டர் டேபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்சர்வர் டேபிள் என்பது வானத்தில் எந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்புவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு. நமக்கு இடமும் திசைவேகமும் வேண்டும், அவை வெக்டர் டேபிளில்தான் கிடைக்கும்.

இரண்டாவது, டார்கெட் பாடி. வாயேஜர்-1இன் குறியீட்டு எண் -31. முன்னால் இருக்கும் கழித்தல் குறி முக்கியம். விண்கலங்களுக்கு இங்கே எதிர்ம எண்கள்தான். குறியை விட்டுவிட்டால் வேறு ஏதாவது வான்பொருள் வந்து நிற்கலாம். தேர்ந்தெடுத்த பிறகு வாயேஜர்-1 என்ற பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கோஆர்டினேட் சென்டர். தொடக்கநிலையினரில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். இதில் 500@0 என்று தட்டுங்கள். இது சூரியக் குடும்பம் முழுவதன் நிறை மையம். ஏன் பூமியையோ சூரியனையோ மையமாக வைக்கக் கூடாது என்பதை ஐந்தாவது படியில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு இதையே வையுங்கள்.

நான்காவது, டைம் ஸ்பெசிஃபிகேஷன். தொடக்கம் 2025 ஜனவரி 1, முடிவு 2026 ஜனவரி 1, இடைவெளி ஒரு நாள். இப்படிக் கொடுத்தால் 366 வரிகள் வரும், அது போதும். துல்லியம் கூடும் என்று எண்ணி ஒரு நிமிட இடைவெளி கொடுத்தால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் கேட்கிறீர்கள் என்று பொருள். அதனால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஐந்தாவது, டேபிள் செட்டிங்ஸ். இடம், திசைவேகம் ஆகியவற்றோடு ஒளிநேரம், தூரம், தூர மாற்ற வீதம் ஆகியவையும் சேர்ந்து வரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அலகு கிலோமீட்டரும் வினாடியுமாக இருக்கட்டும். திருத்தம் என்ற இடத்தில் ஜியோமெட்ரிக் என்பதே இருக்க வேண்டும். ஒளி வந்துசேரும் நேரத்துக்கான திருத்தத்தைச் சேர்த்தால் விண்கலம் இப்போது இருக்கும் இடத்துக்குப் பதிலாக முன்பு இருந்த இடம் கிடைக்கும். கடைசியாக, சிஎஸ்வி வடிவம் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இதை மறந்தால் விரிதாளில் எல்லா எண்களும் ஒரே பத்தியில் ஒட்டிக்கொண்டு வரும்.

பிறகு ஜெனரேட் எஃபெமெரிஸ் பொத்தானை அழுத்துங்கள்.

4. கோப்பைச் சேமிக்கும்போது தலைப்பகுதியை வெட்டாதீர்கள்

வரும் பக்கத்தின் மேற்பகுதியில் நீண்ட விளக்கம் இருக்கும். அதன் கீழே இரண்டு டாலர் குறிகளோடு தொடங்கும் ஒரு வரி வரும். அந்த வரியிலிருந்து அதேபோன்ற இன்னொரு வரி வரை இருப்பதுதான் நமக்குத் தேவையான எண்கள். பலர் எண்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு மேற்பகுதியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதுதான் உங்கள் ஆவணம். எந்த மையம், எந்த அலகு, எந்தக் கால அளவு, எந்தத் தேதியில் எடுத்தது என்ற எல்லாம் அதில் இருக்கின்றன. நடுவர் "இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?" என்று கேட்டால் காட்ட வேண்டியதும் அதைத்தான். பாதைக் கணிப்புகளை ஜேபிஎல் அவ்வப்போது புதுப்பிக்கிறது. ஆகவே எடுத்த தேதி உங்கள் பதிவில் இல்லாவிட்டால் பின்னால் யாராவது ஒப்பிடும்போது கடைசி இலக்கங்கள் பொருந்தாமல் போகலாம்.

முழுப் பக்கத்தையும் ஒரு கோப்பாக அப்படியே சேமியுங்கள். அதைத் தொடவே வேண்டாம். எண்களை மட்டும் இன்னொரு கோப்புக்கு எடுத்து, கணக்குகளை அதில் போடுங்கள்.

விரிதாளில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தொலைவுகள் மிகப் பெரியவை என்பதால் அறிவியல் குறியீட்டில் இருக்கும். எண்ணுக்குப் பிறகு ஈ என்ற ஆங்கில எழுத்தும் +10 என்பதும் இருந்தால், பத்தின் பத்தாம் அடுக்கால் பெருக்க வேண்டும் என்று பொருள். சில கணினிகளில் விரிதாள் இதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தை இரண்டால் பெருக்கிப் பார்த்துச் சோதியுங்கள். அடுத்தது, தசம இலக்கங்கள். வேகத்தில் ஒரு நாளில் ஏற்படும் மாற்றம் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இடத்தில்தான் தெரியத் தொடங்கும். எனவே குறைந்தது எட்டு இலக்கங்களைக் காட்டுமாறு மாற்றி வையுங்கள். இரண்டு இலக்கங்கள் மட்டும் காட்டினால் ஆண்டு முழுவதும் வேகம் மாறவே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. வெக்டர் டேபிளில் வரும் நேரம் நமது கடிகார நேரம் அல்ல. அது டிடிபி எனப்படும் வானியல் நேரம், உலக நேரத்தைவிட இப்போது சுமார் 69 வினாடிகள் முன்னால் இருக்கிறது. ஒரே கோப்புக்குள் கணக்குப் போடும்வரை இதனால் பாதிப்பில்லை. வேறு இடத்திலிருந்து எடுத்த நேரத்தோடு கலந்தால், அந்த 69 வினாடிகளில் வாயேஜர் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும்.

5. மையத்தைத் தவறாக வைத்தால் என்ன ஆகும்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்வத்தோடு தொடங்கி "தரவே தவறாக இருக்கிறது" என்று கைவிட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் விட்டார்கள்.

பூமியை மையமாக வைத்தால், ஒவ்வோர் ஆண்டும் சில மாதங்கள் வாயேஜர் நம்மை நோக்கித் திரும்பி வருவதுபோலத் தூரம் குறையும். வாயேஜர் திரும்பவில்லை. பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, வாயேஜரின் வேகமோ சுமார் 17 கி.மீ. தான். பூமியின் ஓட்டம் வாயேஜர் இருக்கும் திசை நோக்கி இருக்கும் மாதங்களில் நாம்தான் அதை நெருங்குகிறோம். ஆறு மாதம் கழித்துப் பூமி எதிர்த்திசையில் ஓடும்போது தூரம் வேகமாகக் கூடும்.

சூரியனை மையமாக வைத்தால் சிக்கல் இன்னும் நுட்பமானது. முதல் பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் சூரியனும் அசையாமல் நிற்கவில்லை. முக்கியமாக வியாழனின் ஈர்ப்பால் அது நிறை மையத்தைச் சுற்றி வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் திசை வியாழனின் சுற்றுக்காலமான ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவட்டம் திரும்புகிறது. எனவே சூரியனின் திசைவேகம் ஓர் ஆண்டில் வினாடிக்கு ஆறேழு மீட்டர் அளவுக்கு மாறிவிடும். நாம் வாயேஜரில் தேடப்போகும் மாற்றமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆடுகிற ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு எதிரே நிற்கும் மரத்தின் தூரத்தை அளப்பது போன்ற வேலை அது. எது மரத்தின் நகர்வு, எது ஊஞ்சலின் ஆட்டம் என்று பிரிக்க முடியாது. 500@0 என்று வைக்கச் சொன்னது இதனால்தான்.

6. முதல் கணக்கு: ஒரு நாள் முன்னறிவிப்பு

முதலில் வேகம். விஎக்ஸ், விஒய், விஇசட் என்று மூன்று பத்திகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வினாடிக்குச் சுமார் 16.9 கி.மீ. வர வேண்டும். வராவிட்டால் அலகையோ டார்கெட்டையோ தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

இப்போது நிலைமத்தைச் சோதிக்கலாம். ஜனவரி 1ஆம் தேதி வரியில் உள்ள விஎக்ஸை 86,400ஆல் பெருக்குங்கள். ஒரு நாளில் உள்ள வினாடிகளின் எண்ணிக்கை அது. கிடைத்ததை அதே வரியின் எக்ஸ் மதிப்போடு கூட்டுங்கள். ஒய், இசட் இரண்டுக்கும் அப்படியே செய்யுங்கள். என்ஜினும் இல்லை, ஈர்ப்பும் இல்லை, வேகமும் திசையும் சிறிதும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு ஜனவரி 2ஆம் தேதி வாயேஜர் எங்கே இருக்கும் என்று நீங்கள் கூறிவிட்டீர்கள்.

அந்த மூன்று எண்களையும் ஜனவரி 2ஆம் தேதி வரியோடு ஒப்பிடுங்கள். மூன்று வித்தியாசங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். ஒரு நாளில் வாயேஜர் கடப்பது சுமார் 14.6 லட்சம் கிலோமீட்டர். உங்கள் முன்னறிவிப்பில் பிழை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக வரும், ஏறத்தாழ 800 மீட்டர்.

நேர்கோட்டில் சீரான வேகத்தில் போகிறது என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு, பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகமான பயணத்தை ஒரு கிலோமீட்டருக்குள் சொல்லிவிட முடிகிறது. இந்தக் கட்டத்தில் பிள்ளைகளைக் கணினி முன் உட்கார வைத்து அவர்கள் கையாலேயே கணக்கைப் போட விடுங்கள். நீங்கள் செய்து காட்டினால் இதில் பாதி சுவை போய்விடும்.

7. இரண்டாவது கணக்கு: ஓர் ஆண்டு, மிச்சமாகும் பிழை

இதே கணக்கை 30 நாளுக்கும், பிறகு 365 நாளுக்கும் போடுங்கள். 86,400ஐ நாள் கணக்கால் பெருக்கிக்கொண்டால் போதும். 30 நாளில் பிழை எழுநூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். 365 நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். நாள்கள் 30 மடங்கானால் பிழை 900 மடங்காகிறது. நேரத்தின் வர்க்கத்தோடு பிழை வளர்கிறது என்றால், அங்கே ஏதோ ஒரு விசை விடாமல் சீராக இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றதும் பயந்துவிட வேண்டாம். அந்த ஓர் ஆண்டில் வாயேஜர் கடந்தது சுமார் 53 கோடி கிலோமீட்டர். பிழை 0.02 சதவீதம்தான். ஆனாலும் அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்தான் இந்தக் கணக்கை உண்மையில் புரிந்துகொண்டவர்.

வேகப் பத்தியைப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் வினாடிக்கு ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வேகம் இறங்கியிருக்கும். "பார்த்தீர்களா, என்ஜின் இல்லாததால் வேகம் குறைகிறது" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். கண்காட்சியில் உங்களைத் தடுமாற வைக்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது: குறைவது சூரியனின் ஈர்ப்பால். அதையும் எண்ணில் காட்டுங்கள்.

சூரியனின் ஈர்ப்பு மாறிலி (பொது ஈர்ப்பு மாறிலியைச் சூரியனின் நிறையால் பெருக்கியது), கிலோமீட்டர்-வினாடி அலகில் 13,270 கோடி. இதை வாயேஜரின் தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் தூரம் சுமார் 166 வானியல் அலகு (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்), அதாவது ஏறத்தாழ 2,480 கோடி கிலோமீட்டர். துல்லியமான எண் உங்கள் அட்டவணையின் தூரப் பத்தியில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுத்துக் கிடைப்பதை ஓர் ஆண்டின் வினாடிகளான 3,15,36,000ஆல் பெருக்குங்கள். வினாடிக்குச் சுமார் 6.8 மீட்டர் வரும். தூரம் ஆண்டு முழுவதும் கூடிக்கொண்டே போவதால் உண்மையான மதிப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவு. அட்டவணையில் பார்த்த குறைவும் அதே. என்ஜின் இல்லாததற்கு என்று தனியாக எந்த இழப்பும் மிச்சம் இல்லை.

நின்றுவிடுமா என்று அடுத்துக் கேட்பார்கள். அந்தத் தூரத்தில் சூரியனின் பிடியிலிருந்து தப்பத் தேவையான வேகம் வினாடிக்குச் சுமார் 3.3 கி.மீ. வாயேஜரிடம் 16.9 இருக்கிறது. 16.9இன் வர்க்கத்திலிருந்து 3.3இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 16.6. சூரியன் எவ்வளவு காலம் இழுத்தாலும் வேகம் இதற்குக் கீழே இறங்காது. ஆண்டுகள் போகப்போக இழுவையும் பலவீனமாகிக்கொண்டே போகும்.

8. "அப்படியானால் வாயேஜரில் எரிபொருள் எதற்கு?"

அதில் ஹைட்ரசின் என்ற எரிபொருள் இருப்பது உண்மை, அதைச் செலவழிப்பதும் உண்மை. இதை மறைத்துவிட்டுப் பேசினால் விவரம் தெரிந்தவர் ஒருவர் உங்களை மடக்கிவிடுவார். அது விண்கலத்தைத் திருப்பி வைப்பதற்கு மட்டும். ஆண்டெனா எப்போதும் பூமியைப் பார்த்தபடி இருந்தால்தான் செய்தி வந்துசேரும். அதற்காகச் சிறு உந்துபொறிகள் மில்லிவினாடிக் கணக்கில் இயங்குகின்றன. வழக்கமாகப் பயன்படுத்தும் உந்துபொறிகள் தேய்ந்துவந்ததால், 1980க்குப் பிறகு தொடப்படாமல் இருந்த பாதைத் திருத்த உந்துபொறிகளை 2017 நவம்பர் 28 அன்று பொறியாளர்கள் இயக்கிப் பார்த்தார்கள். 37 ஆண்டுகள் கழித்தும் அவை வேலை செய்தன. அப்போதும் பயன்பட்டது ஆண்டெனாவின் திசையைப் பிடிக்கத்தான்.

மின்சாரத்தையும் உந்துசக்தியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்து கிடைக்கும் மின்சாரம் ஆண்டுக்குச் சுமார் 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் கருவிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். "வாயேஜர் முடிவுக்கு வருகிறது" என்று வரும் செய்திகள் கருவிகளையும் தொடர்பையும் பற்றியவை. மின்சாரம் முழுவதும் தீர்ந்த மறுநாளும் அது இதே 14.6 லட்சம் கிலோமீட்டரைக் கடக்கும்.

இந்திய உதாரணம் கேட்டால் மங்கள்யானைச் சொல்லுங்கள். 2013 டிசம்பர் 1 அன்று பூமியின் பிடியிலிருந்து விடுபட்டு 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்தது. இடையில் ஏறத்தாழ 300 நாட்கள். பாதைத் திருத்தத்துக்காக 2013 டிசம்பரில் 40.5 வினாடிகள், 2014 ஜூனில் 16 வினாடிகள், கடைசியாக செப்டம்பர் 22 அன்று முதன்மை என்ஜினின் சோதனை ஓட்டமாக நான்கு வினாடிகளுக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் சேர்த்தால் ஒரு நிமிடம். மீதி நாட்கள் முழுவதும் சூரியனின் ஈர்ப்பில் வளைந்த பாதையில் என்ஜின் இல்லாமலே ஓடியது. எரிபொருள் எங்கே செலவாகிறது என்பதும் இதில் விளங்கும்: செவ்வாயை அடைந்ததும் வேகத்தைக் குறைத்துச் சுற்றுப்பாதைக்குள் நுழைய 24 நிமிடம் என்ஜினை இயக்க வேண்டியிருந்தது. ஓடுவதற்கு எரிபொருள் வேண்டியதில்லை, ஓட்டத்தை மாற்றத்தான் வேண்டும்.

9. கூடுதல் பயிற்சி: என்ஜின் இல்லாமல் வேகம் கூடுவது

நேரம் இருப்பவர்களுக்கு மட்டும். நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் குறியீடு -98. காலம் 2007 ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை, மையம் அதே 500@0. பிப்ரவரி 28 அன்று அது வியாழனிலிருந்து சுமார் 23 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. அந்த நாள்களை ஒட்டி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4 கி.மீ. கூடியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

பிறகு மையத்தை மட்டும் 500@599 என்று மாற்றி, அதே காலத்துக்கு இன்னொரு கோப்பு எடுங்கள். 599 என்பது வியாழன். இப்போது, நெருங்குவதற்கு முன் ஒரு நாளையும் விலகிய பின் ஒரு நாளையும், தூரப் பத்தியில் ஒரே தூரம் வரும்படி தேர்ந்தெடுங்கள். இரண்டு நாளிலும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வியாழனிலிருந்து பார்த்தால் திசை மட்டும்தான் மாறியிருக்கிறது. சூரியக் குடும்பத்தின் மையத்திலிருந்து பார்க்கும்போது கூடிய வேகம், வியாழன் தன் ஓட்டத்திலிருந்து கொடுத்தது. வியாழனின் நிறை மிகப் பெரியது என்பதால் அதன் இழப்பை அளக்கவே முடியாது. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்தால் காட்சிப் பலகைக்கு மிகவும் பொருத்தமாக இருக்கும்.

10. சமர்ப்பிக்கும் முன்

காட்சிப் பலகையில் 366 வரிகளையும் ஒட்ட வேண்டாம். முதல் நாள், இரண்டாம் நாள், 30 நாள் கழித்து, ஓர் ஆண்டு கழித்து என நான்கு வரிகள் போதும். பக்கத்தில் உங்கள் முன்னறிவிப்பும் வித்தியாசமும் இருக்கட்டும். கோப்பின் தலைப்பகுதியைத் தனித்தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். தரவு ஜேபிஎல் ஹொரைசன்ஸிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும், எடுத்த தேதியையும் பலகையிலேயே எழுதுங்கள். விண்கலத்தின் படத்தை நாசாவின் பக்கத்திலிருந்தே எடுத்து, அடியில் நாசாவின் பெயரைப் போடுங்கள். தேடலில் முதலில் வரும் படங்களில் பல வாயேஜரே அல்ல.

கணக்கு சரியாக வந்ததா என்று சந்தேகம் இருந்தால், வாயேஜர்-2ஐ வைத்து முழுவதையும் இன்னொரு முறை செய்து பாருங்கள். குறியீடு -32, அதே மையம், அதே ஆண்டு. வேகம் வினாடிக்குச் சுமார் 15.3 கி.மீ. வர வேண்டும். அது வாயேஜர்-1ஐவிடச் சூரியனுக்கு அருகில், 2025 தொடக்கத்தில் சுமார் 139 வானியல் அலகு தூரத்தில் இருப்பதால், ஆண்டில் வேகம் குறைவது வினாடிக்கு 9 முதல் 10 மீட்டருக்குள் இருக்கும். வேறு எண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மையப் பெட்டியை.